ஈரக் கையால் தொட்ட வானம்

வானிலை அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எழுநூறு என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் வந்து சேர்ந்ததும் மற்றவர்கள் தரைமட்டப் படத்தைச் சுற்றிக் கூடுவார்கள். காற்றழுத்தம், புயல் சின்னம், பேசிச் சிரிக்க நாலு விஷயம் எல்லாம் அதில்தான் இருக்கும். இவள் மட்டும் பையைக்கூடக் கழற்றாமல் நேராகப் போய் எழுநூறு மில்லிபார் படத்தை எடுப்பாள். "வந்ததும் வராததுமா எழுநூறா?" என்று ராடார் அறையைப் பார்த்துக்கொள்ளும் ராடார் அக்கா ஒருநாள் கேட்டார். அடுத்த நாளே அது பெயராக ஒட்டிக்கொண்டது. சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவளே கொஞ்சம் தாமதமாகத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

எழுநூறு மில்லிபார் என்பது தலைக்கு மேலே ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் உயரம். ஊர் ஊராகப் பலூன் விடுவார்கள். பலூனில் தொங்கும் சின்னப் பெட்டி மேலே போகப் போக வெப்பம், காற்று, ஈரம் எல்லாவற்றையும் கீழே சொல்லிக்கொண்டே போகும். அந்தந்த உயரத்துக்கு ஒரு படம். எழுநூறு படத்தில் ஒவ்வோர் ஊரின் பக்கத்திலும் ஒப்பு ஈரப்பதத்தை எழுதுவார்கள். அந்த வெப்பத்தில் காற்று எவ்வளவு ஈரம் தாங்குமோ, அதில் நூற்றுக்கு எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு. ஐம்பதுக்குக் கீழே என்றால் மேலே காய்ந்து கிடக்கிறது. எழுபதைத் தாண்டினால் பச்சைப் பென்சிலால் கோடு. தொண்ணூறு என்றால் உள்ளே அழுத்திப் பூசிவிடலாம். கீழே வியர்வை ஊற்றினாலும், மேகம் கூரையைத் தொட்டாலும், மேலே பச்சை இல்லாவிட்டால் மழை பேருக்குத்தான். தரையைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் ஏமாறட்டும், நான் மேலே பார்த்துக்கொள்கிறேன் என்பது அவள் கட்சி.

மேலே பார்க்கிற பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலேயே வந்தது. அப்பா கான்கிரீட் மேஸ்திரி, அம்மா சித்தாள். இரண்டு பேரும் சாரத்தின் மேல் நிற்க, கீழே மணல் குவியலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள் அவள். குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் அப்பா மறுப்பார். "அந்தக் காலேஜுக்குள்ள முதல்ல போனது நான். மூணாவது மாடித் தளம் நான் போட்டது." சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அவளும் சிரிப்பாள். ஆனால் அந்த மூன்றாவது மாடியில் உட்கார்ந்து வளிமண்டலப் பாடம் கேட்டபோதெல்லாம், ஜன்னலுக்கு வெளியே யாரோ ஜல்லி சுமக்கிற மாதிரி ஓர் உணர்வு அவளை விட்டதே இல்லை. நான் படித்துத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேனா, இல்லை, யாரோ விட்ட இடத்தில் தவறுதலாக வந்து உட்கார்ந்துவிட்டேனா? வேலை கிடைத்த பிறகும் இந்தக் கேள்வி போகவில்லை. படத்தில் கோடு போடும்போது கூடவே வந்து நிற்கும்.

இந்த நிலையில்தான் தளம் போடும் நாள் வந்தது. எத்தனையோ பேருக்குத் தளம் போட்ட அப்பா, இத்தனை வருஷமும் தகரத்துக்குக் கீழேதான் குடும்பம் நடத்தினார். இப்போது சொந்த வீட்டுக்குச் சுவர் எழும்பி, சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, எல்லாம் தயாராக நின்றது. அவரோடு வேலை பார்த்த கொத்தனார்களும் சித்தாள்களும் தங்கள் விடுமுறை நாளை அவருக்காக விட்டுக்கொடுத்திருந்தார்கள். "மேஸ்திரி வீட்டுத் தளம், நாங்க வராம யாரு வருவா?" என்று அவர்களாகவே சொன்னது. அதற்கு மறுநாள் அந்த ஆட்கள் மொத்தமும் தூரத்தில் ஓர் அணை வேலைக்குப் போகிறார்கள். திரும்பி வருவதற்குள் மழைக்காலம் வந்துவிடும். மழைக்காலம் முழுக்கச் சென்ட்ரிங் பலகை நனைந்து உப்பிப்போகும், கட்டின கம்பி துருவேறும். அந்த ஒரு நாளை விட்டால் அவ்வளவுதான்.

முந்தின நாள் சாயங்காலம், அடுத்த நாளுக்கான முன்னறிவிப்பை எழுதும் முறை அவளுடையது. படம் மேசைக்கு வந்ததும் அவள் கண் நேராகத் தங்கள் ஊருக்குப் போனது. எழுநூறு படத்தில், சரியாக அவர்கள் ஊரின் மேல், தொண்ணூற்றாறு என்று இருந்தது. கம்ப்யூட்டர் அதைச் சுற்றித் திருஷ்டிப் பொட்டு மாதிரி ஒரு பச்சை வட்டம் போட்டுவைத்திருந்தது. பரவலான மழை என்று வாசகத்தையும் அதுவே எழுதித் தயாராக வைத்திருந்தது. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அவள் பேனாவை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது. சுற்றியுள்ள ஊர்களில் முப்பது, முப்பத்தைந்து, இருபத்தெட்டு. நாலு பக்கமும் வறண்டு கிடக்க நடுவில் மட்டும் குளமா? அந்த உயரத்துக் காற்றும் வறண்ட பக்கத்திலிருந்துதான் ஊர்மேல் வந்துகொண்டிருந்தது. பலூன் அனுப்பிய முழுக் கணக்கையும் கோட்டுப்படமாக எடுத்து விரித்தாள். கீழே தாழ்வான மேகம் ஒன்றுக்குள் பலூன் புகுந்து போயிருந்தது. மேகத்தின் தலையைத் தாண்டியதும் வெப்பம் செங்குத்தாகச் சரிந்திருந்தது. வெறும் காற்று அப்படிச் சரியாது. நனைந்துபோன கருவியின்மேல் காய்ந்த காற்று பட்டு ஈரம் ஆவியாகிறபோதுதான் அப்படிக் குளிரும். ஈரப்பதமோ ஆணி அடித்த மாதிரி தொண்ணூற்றாறிலேயே நின்று, இன்னும் மேலே போய் ஒரே தாவலில் பதினெட்டுக்கு விழுந்திருந்தது. பெட்டி மேகத்தில் நனைந்துவிட்டது. அது சொன்னது வானத்தின் ஈரத்தை அல்ல, தன் மேல் இருந்த ஈரத்தை.

கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ள வேண்டிய இடம். அவள் துள்ளவில்லை. நாளைக்கு மழை வரக்கூடாது என்று இந்த அலுவலகத்திலேயே அதிகம் வேண்டிக்கொள்கிற ஆள் யார்? நான்தான். அப்படியென்றால் இந்தக் கோட்டில் நான் வறட்சியைப் பார்க்கிறேனா, அப்பாவின் தளத்தைப் பார்க்கிறேனா? இதே படம் வேறு ஒரு நாள் வந்திருந்தால் இவ்வளவு தோண்டியிருப்பேனா? மழை என்று எழுதிவிட்டால் வம்பில்லை. பெய்யாவிட்டாலும் யாரும் திட்டப்போவதில்லை, தப்பித்தோம் என்று சந்தோஷம்தான் படுவார்கள். மழை இல்லை என்று எழுதிப் பெய்துவிட்டால்தான் ஊரே வாரித் தூற்றும்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. பழைய அடுக்கிலிருந்து, மழை கொட்டித் தீர்த்த ஒரு நாளின் கோட்டுப்படத்தை எடுத்தாள். அதிலும் எழுநூறில் தொண்ணூற்றாறுதான். இரண்டு படத்திலும் ஊரையும் தேதியையும் தாள் ஒட்டி மறைத்தாள். இரண்டையும் எடுத்துக்கொண்டு ராடார் அறைக்குப் போனாள். ராடார் அக்கா டீயில் பிஸ்கட்டை நனைத்து, அது உடைந்து விழுவதற்குள் வாயில் போடும் முயற்சியில் இருந்தார்.

"அக்கா, இது ரெண்டையும் பாருங்க. எதுவும் கேக்காதீங்க."

"என்ன எழுநூறு, எனக்கே பரீட்சையா?" கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். முதல் படத்தில் விரல் வைத்தார். "இது நல்ல மழை. கீழேருந்து மேல வரைக்கும் ஈரம் ஒரே சீரா ஏறியிருக்கு, வெப்பமும் ஒழுங்கா இறங்குது. குடை இல்லாம வெளிய போகாத." இரண்டாவது படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிஸ்கட் டீக்குள் விழுந்தது. "இது யாரு வீட்டு ஈரத்துணி? பெட்டி நனைஞ்சுபோச்சும்மா. இங்க பாரு, மேகத்தைத் தாண்டினதும் எப்படிக் குளுந்திருக்கு. மேல காத்து சருகா காஞ்சிருக்கு. ஆமா, எந்த ஊரு இது?"

அவள் தாளைப் பிய்த்தாள். ராடார் அக்கா ஊரைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"அடிப்பாவி. நாளைக்கு உங்க வீட்டுத் தளமில்ல?"

"அதனாலதான்கா உங்ககிட்ட வந்தேன். எனக்கு என் கண்ணு மேலேயே சந்தேகம்."

"என் கண்ணுக்கு வீடும் கிடையாது, தளமும் கிடையாது. போ, போய்த் தலைவர்கிட்ட சொல்லு. என் பிஸ்கட்டுக்குப் பதில் சொல்லிட்டுப் போ."

பிரிவுத் தலைவர் எதையும் அவசரமாகச் செய்யாத மனிதர். மின்விசிறியைக்கூட யோசித்துத்தான் போடுவார். அவரிடம் அவள் முதலில் வீட்டுக் கதையைச் சொன்னாள், பிறகு படத்தைக் காட்டினாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுப் படத்தின் மேல் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"படம் நீ சொல்ற மாதிரிதான் இருக்கு," என்றார் கடைசியில். "ஆனா வெளியில எட்டிப் பாரு. மேகம் மொட்டைமாடிக் கொடியில துணி காயப்போடுற உயரத்துல நிக்குது. கம்ப்யூட்டரும் மழைங்குது. உனக்குச் சங்கடமா இருந்தா ராடார் அம்மா கையெழுத்துப் போடட்டும். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

அது நல்ல மனதோடு சொன்ன வார்த்தை. ஒதுங்கிக்கொள்ள நல்ல வழியும்கூட. அவள் ஒரு நிமிஷம் அந்த வழியைப் பார்த்தபடி நின்றாள்.

"எழுதினது நான் சார். கையெழுத்தும் நானே போடறேன்."

"போடு. நாளைக்கு நனைஞ்சா சேர்ந்தே நனைவோம்," என்று சொல்லிவிட்டு அவர் மின்விசிறியை நிறுத்தலாமா என்று யோசிக்க ஆரம்பித்தார்.

தாழ்வான மேகம், காலையில் சில இடங்களில் லேசான தூறல், மழைக்கு வாய்ப்பில்லை, முற்பகலில் தெளியும். எழுதிக் கையெழுத்திட்டாள். வீட்டுக்குப் போகும் வழி முழுக்க வானத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் அதோடு சண்டை போட வேண்டியிருக்கும்.

வீட்டில் அதற்குள் பஞ்சாயத்து கூடியிருந்தது. தகரத்துக்குக் கீழே அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நடுவில் அப்பாவின் அக்கா. அத்தையின் வாய்க்கு அந்தத் தெருவே வழிவிடும். அவர் கையில் போன்.

"வாடி வானிலை. இங்க பாரு, எல்லார் போன்லயும் குடை விரிச்சு நிக்குது. உன் ஆபீஸ் மட்டும் மழை இல்லைன்னு ரேடியோவுல சொல்றானாம். எவன்டி எழுதினான் அதை?"

"நான்தான் அத்தை."

அத்தை வாயை மூடிக்கொண்டது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அப்பா வாசலுக்குப் போய் மேகத்தைப் பார்த்தார். கலவை மிக்சர்காரருக்குப் போன் போட எடுத்து, போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஏம்மா," என்றார். "அடுத்தவன் வீட்டுத் தளத்துல நான் ஒருநாளும் மழையை வாங்கினதில்ல. மேகம் இப்படி இறங்கி நின்னா வேலையை நிறுத்திடுவேன். ஈரக் கான்கிரீட்ல மழை அடிச்சா சிமெண்டுப் பால் மொத்தமும் ஓடிடும். அப்புறம் ஆயுசுக்கும் ஒழுகும். என் வீட்டுக்கே அப்படிப் போட்டுட்டா நாளைக்கு எவன் என்னை மேஸ்திரின்னு கூப்பிடுவான்?"

"பலூனும் கம்ப்யூட்டரும் மழைன்னுதான் சொல்லுச்சு, ஆனா மழை வராதுப்பா."

"பலூன் சொன்னது மழைதானே? உங்க கம்ப்யூட்டரே மழைன்னு சொல்லியிருக்கே?"

வெப்பச் சரிவு, ஆவியாதல் என்று ஆரம்பிக்கப் போனவள் நிறுத்தினாள். அந்த வார்த்தைகளை அப்பாவின் மேல் எறிந்தால் அவர் ஒத்துக்கொள்வார். படித்த பெண் சொல்கிறாள் என்று ஒத்துக்கொள்வார். அப்படி ஒத்துக்கொள்வது அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

"அப்பா, கலவைக்குத் தண்ணி எவ்வளவுன்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?"

"மணலைக் கையில பிடிச்சுப் பார்ப்பேன். ஈரமா இருந்தா உருண்டை பிடிக்கும், தண்ணியைக் குறைப்பேன். காஞ்சிருந்தா விரல் இடுக்குல ஒழுகும்."

"கையைக் கழுவிட்டு, தொடைக்காம காஞ்ச மணலைப் பிடிச்சா?"

அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்தார். "கையில இருக்கிற ஈரத்துக்கே உருண்டை பிடிக்கும். மணல் ஈரம்னு ஏமாந்துடுவோம்."

"அந்தப் பெட்டி இன்னிக்கு மேகத்துக்குள்ள கையைக் கழுவிட்டுப் போயிருக்குப்பா. அதுக்கு மேல காத்து காஞ்சுதான் கிடக்கு. இது ஈரம் ஈரம்னு சொல்லிக்கிட்டே போயிருக்கு."

அப்பா உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஒரு நல்ல மேஸ்திரி இன்னொரு மேஸ்திரியைக் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "சுத்திலும் தொட்டுப் பாத்தியா?"

"பாத்தேன். எல்லாப் பக்கமும் காஞ்ச மணல். காத்தும் அந்தப் பக்கத்துலேருந்துதான் வருது."

அவர் போனைக் காதில் வைத்தார். "அண்ணே, மிக்சரை விடியக்காலையிலேயே கொண்டாந்துடுங்க... ஆமா, போடுறோம்... மேகம் கிடக்கட்டும்."

"எல்லாரும் கேட்டுக்கங்க," என்றார் அத்தை. "நாளைக்கு ஒரு சொட்டு விழுந்தாலும் நான் இவகூடப் பேச மாட்டேன்."

"அப்ப விழட்டும்னு இருக்கு," என்றார் அம்மா. அம்மா பேசியது அன்றைக்கு அவ்வளவுதான்.

விடிந்தபோது மேகம் இன்னும் கீழே இறங்கியிருந்தது. காற்று நின்றுவிட்டது. நின்ற இடத்திலேயே சட்டை முதுகில் ஒட்டியது. மிக்சர் உறும ஆரம்பித்தது. ஜல்லியும் மணலும் சிமெண்டும் உருண்டு, சட்டி சட்டியாக மேலே ஏறியது. சாரத்தில் வரிசையாக ஆட்கள். அவளும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்றாள். அம்மா கைமாற்றிக் கொடுக்க, அவள் வாங்கி மேலே கொடுத்தாள். "வானிலை மேடத்துக்குச் சட்டி கனக்கலையா?" என்று ஒருவர் கேட்டார். "வானத்தையே தூக்கி நிறுத்தியிருக்கு, சட்டி என்ன கனம்?" என்றார் இன்னொருவர். சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எல்லோரும் ஒரு தரம் மேலே பார்த்தார்கள்.

தளம் பாதி வந்தபோது அவள் புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. பொடிப் பொடியாகத் தூறியது. சட்டிகள் அந்தரத்தில் நின்றன. கீழேயிருந்து அத்தை, "சொன்னேனே! சொன்னேனே!" என்று இரண்டு கையையும் தூக்கினார். அப்பா தளத்தின் விளிம்பில் வந்து நின்றார். கையில் மட்டப்பலகை.

"பாப்பா, தார்ப்பாயை விரிக்கவா? விரிச்சா வேலை நிக்கும். பாதியில நின்னா ஒட்டு விழும், ஒட்டுல ஒழுகும். விரிக்கலைன்னா..." மீதியைச் சொல்லவில்லை. எல்லோர் கண்களும் அவள் மேல் இருந்தன.

அவள் மேலே பார்த்தாள். சாம்பல் நிறம். அடர்ந்து, அசையாமல், பயமுறுத்துகிற மாதிரி. ஆனால் அதன் தடிமன் அவளுக்குத் தெரியும். அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று அந்தத் தெருவில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். இத்தனை நாள் கூடவே வந்து நின்ற கேள்வி அந்த நேரத்தில் வரவில்லை. வந்திருந்தால் சட்டியை அதன் கையில் கொடுத்து மேலே அனுப்பச் சொல்லியிருப்பாள்.

"வேணாம்ப்பா," என்றாள். குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "இது மேகத்தோட வேர்வை. இதுக்கு மேல அதுகிட்ட சரக்கு இல்ல. ஊத்துங்க!"

"ஊத்துங்கடா!" என்றார் அப்பா.

சட்டிகள் நகர்ந்தன. தூறல் முகத்தில் ஒட்டியது, துடைத்துக்கொண்டார்கள். கலவையை இறுக்கும் வைப்ரேட்டர் அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் தூறல் இருக்கிறதா இல்லையா என்று கை நீட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு நீட்டிய கையில் எதுவுமே விழவில்லை. சாம்பலில் ஓரிடம் வெளுத்தது. வெளுத்த இடம் கிழிந்தது. கிழிசலுக்குள் சுத்தமான நீலம் தெரிந்தது. கடைசிச் சட்டி மேலே ஏறும்போது தளத்தின் மேல் பளீரென்று வெயில் விழுந்தது. புதுக் கான்கிரீட் வெள்ளி மாதிரி மின்னியது. மேலே நின்றவர்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து வந்தார்கள்.

அந்தக் கூச்சல் அடங்கியபோதுதான் அவளுக்கு இன்னொரு சத்தம் கேட்டது. அடுத்த தெருவில் ஒரு மிக்சர். அதற்கு அப்பால் இன்னொன்று. ரேடியோவில் மழை இல்லை என்று கேட்டுவிட்டு, போனில் இருந்த குடையை நம்பாமல், ஊரில் அங்கங்கே தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் எழுதிய இரண்டு வரியை நம்பி. அவர்களில் யாரையும் அவளுக்குத் தெரியாது. சாரத்தைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தங்களை ஒவ்வொன்றாகக் கேட்டாள். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. சிமெண்டுத் தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

அத்தை அருகில் வந்தார். "வெயில் இவ்வளவு அடிக்கும்னு சொல்லவே இல்லையே நீ? மண்டை காயுது."

"பேச மாட்டேன்னு சொன்னீங்களே அத்தை?"

"விழுந்தது சொட்டா? தூசி. தூசிக்கெல்லாம் கணக்கு கிடையாது."

மறுநாள் அப்பா தளத்தின் மேல் ஓரம் கட்டிப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் தேக்கினார். புதுத் தளம் பலம் பிடிப்பதற்கு நாள்கணக்கில் தண்ணீர் குடிக்க வேண்டும். குடம் குடமாகச் சுமந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் கழித்து, அவள் வேலைக்குக் கிளம்பும்போது தயங்கித் தயங்கி வந்தார்.

"தளம் இறுகிடுச்சு. இனிமே மழை வந்தா நல்லது. தண்ணி சுமக்கிற வேலை மிச்சம். உன் படத்துல கொஞ்சம்..."

"படத்துல இருக்கிறதைத்தான்பா படிக்க முடியும். கேக்கிறதை வரைய முடியாது."

அன்றைய எழுநூறு படத்தில் அவர்கள் ஊருக்கு எண்பத்தெட்டு. அவள் சுற்றிலும் பார்த்தாள். எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூற்றொன்று. காற்று கடல் பக்கத்திலிருந்து வந்தது. கோட்டுப்படத்தில் ஈரம் கீழேயிருந்து மேல் வரை ஒரே சீராக ஏறியிருந்தது. பச்சைப் பென்சிலை எடுத்து, ஊரையும் அக்கம்பக்கத்தையும் சேர்த்து நிதானமாக ஒரு பெரிய வளைவு வரைந்தாள். பரவலான மழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ராடார் அக்கா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இதுக்கு எனக்குப் பரீட்சை கிடையாதா?" என்று கேட்டார்.

"இதை நானே பாத்துக்கிறேன்கா."

சாயங்காலம் அவள் வீடு திரும்புவதற்கும் மழை பிடிப்பதற்கும் சரியாக இருந்தது. சென்ட்ரிங் கால்களுக்கு நடுவே, புதுத் தளத்துக்குக் கீழே, நாலு பேரும் ஒதுங்கி நின்றார்கள். மேலே மழை அடித்து நொறுக்கியது. கீழே ஒரு துளி இல்லை. அம்மா ஒவ்வொரு மூலையாகப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். அடுத்து எப்போது மழை, எப்போது வெயில் என்று கேட்கிறவர்களால் அப்பாவின் போன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

"ஆமாண்ணே, எம் பொண்ணுதான்... இல்லண்ணே, வீட்டுல கேட்டாச் சொல்லாது, அது ஆபீஸ் ரகசியம்... ரேடியோவைக் கேளுங்க, எல்லாருக்கும் பொதுவாத்தான் சொல்லும்..." மழைச் சத்தத்தில் எதிர்முனைக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. அப்பா வாயைக் கையால் குவித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார்: "ரேடியோவைக் கேளுங்கன்னேன்! எழுதுறது எம் பொண்ணுதான்!"